கென்ட் சீமாட்டியா, ஆன் ஃபான்ஷாவா?

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வீட்டு மருத்துவத்தைப் படிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்டால் இந்த இருவரையும்தான் சொல்வேன். கென்ட் சீமாட்டி எலிசபெத் கிரே 1651இல் இறந்தார், அவர் சேர்த்த குறிப்புகள் 1653இல் அச்சில் வந்து பல பதிப்புகள் ஓடின. அதில் பேர் போனது அவருடைய பொடி: முத்து, வெண்பவளம், மான்கொம்பு எல்லாம் சம அளவு, அப்புறம் அவை மொத்தத்துக்கும் ஈடான எடைக்கு நண்டுக் கொடுக்கின் கருத்த நுனி, எல்லாவற்றையும் நைஸாக இடித்து உருண்டை பிடிக்க வேண்டும். முத்துக்கு எத்தனை வீடுகளில் வழி இருந்திருக்கும்?

ஆன் ஃபான்ஷா வேறு மாதிரி. அவருடையது மருந்தும் சமையல் குறிப்புகளும் கலந்த கையெழுத்துப் புத்தகம், 1651இல் தொடங்கியது, இப்போது லண்டனில் வெல்கம் சேகரிப்பு என்ற மருத்துவ வரலாற்று நூலகத்தில் இருக்கிறது. யார் சொன்ன மருந்து என்று பக்கத்திலேயே பெயர் எழுதியிருக்கிறார், பல இடங்களில் அவருடைய அம்மா பெயர். கணவர் ஸ்பெயினில் தூதராக இருந்தபோது பார்த்த சாக்லேட் பாத்திரத்தின் படம்கூட இருக்கிறது, ஆனால் சாக்லேட் குறிப்பை அடித்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் குறிப்பில் பனிக்கட்டியோடு உப்பு சேர்க்கச் சொல்லவில்லை, உப்பில்லாமல் அது உறையாது.

அச்சில் இருப்பதால் கென்ட் புத்தகம் படிக்கச் சுலபம், சரி. ஆனாலும் என் ஓட்டு ஃபான்ஷாவுக்குத்தான், அந்த அடித்தல் திருத்தல்களில் ஒரு வீடே தெரிகிறது.