டிரைவர் எங்கே படுப்பார்? மூன்று இலங்கைப் பயணங்களும் ஒரு எக்செல் ஷீட்டும்

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். "இலங்கைக்கு 8 ராத்திரி, 5 பேர். பேக்கேஜ் எடுக்கலாமா, இல்ல உன்ன மாதிரி ஓட்டல் தனியா வண்டி தனியா போடலாமா? உன் எக்செல் ஷீட்ட அனுப்பு." உடனே அனுப்பியிருக்கலாம். ஆனால் அதில் 14-வது வரிசை என்று ஒன்று இருக்கிறது. அதை விளக்காமல் அனுப்ப மனசு வரவில்லை. விளக்கப் போய்த்தான் இவ்வளவு நீண்டுவிட்டது.

2019 பிப்ரவரி, 2023 ஆகஸ்ட், 2025 பிப்ரவரி. மூன்று தடவையும் திருச்சியிலிருந்து நேராகக் கொழும்பு, கூடவே அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர். சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி என்கிற வட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். காசுக்கு வருவோம்.

கடைசியாகப் போனபோது எடுத்தது கேடிஎச், அதாவது டொயோட்டாவின் பெரிய வேன். டிரைவர், டீசல், டிரைவர் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 70 டாலர், 100 கிலோமீட்டர் வரை. 9 நாளுக்கு 630. ஓடியது 1,040 கிலோமீட்டர். மிச்சம் 140-க்குக் கிலோமீட்டருக்கு அரை டாலர் வீதம் 70. ஆக 700 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 60,500 ரூபாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 1,350 ரூபாய் கூட வரவில்லை. மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஓட்டுவதற்கும், அம்மாவுக்குச் சுத்தமான கழிவறை எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதற்கும் இது கொள்ளை மலிவு. ரம்பொடை ஏற்றத்தில் சின்னவன் வாந்தி எடுத்தபோது முகம் சுளிக்காமல் இறங்கி, அவனைக் கழுவிவிட்டு, அடுத்த திருப்பத்தில் செவ்விளநீர் வெட்டி வாங்கிக்கொடுத்த மனுஷன் எங்கள் டிரைவர்.

கவனிக்க வேண்டியது ஒன்று. நம் ஊர் டாக்ஸி மாதிரியே அங்கேயும் ஷெட் டு ஷெட்தான், வண்டி கிளம்பிய இடத்துக்கே திரும்பிச் சேரும் வரை கிலோமீட்டர் நம் கணக்கு. பயணத்தைக் காலியில் முடித்துக்கொண்டு அங்கிருந்து ரயிலில் கொழும்பு போகலாம் என்று 2023-ல் கணக்குப் போட்டேன். வண்டி திரும்பி ஓடும் 150 கிலோமீட்டரும் என் தலையில் விழுந்தது. காலியில் பர்ஸ் காலி என்று பிள்ளைகள் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போனாலும் இதே கதை. நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலைத் தோட்டம் பார்க்க, வண்டி பெட்டிகளோடு ரோட்டில் வருகிறது, மீட்டரும் கூடவே வருகிறது.

ஓட்டல் விஷயத்தில் ஏமாறும் இடம் வேறு. ஆப்பில் 100 டாலர் என்று தெரிவது 100 டாலர் இல்லை. அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 18 சதவீதம் வாட். 129 டாலர் 80 சென்ட் ஆகிவிடும். 2023-ல் நான் போனபோது வாட் 15 சதவீதம்தான், 2024 ஜனவரியில்தான் ஏறியது. என் பழைய ஷீட்டை வைத்துக்கொண்டு யாராவது கணக்குப் போட்டால் அங்கேயே உதைக்கும். சின்ன வீட்டு விடுதிகளில் பெரும்பாலும் சொன்ன விலைதான் விலை. கண்டியில் எசல பெரஹர ஊர்வலத் திருவிழா நடக்கும் நாட்களிலும், நுவரெலியாவில் ஏப்ரல் புத்தாண்டு சீசனிலும் எந்தக் கணக்கும் நிற்காது. அந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் போதும்.

நம் ரூபாய்க்கு அங்கே என்ன மதிப்பு என்பதும் தடவைக்குத் தடவை மாறியது. 2019-ல் நம்முடைய ஒரு ரூபாய் அவர்களுடைய இரண்டரை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனபோது நான்கை நெருங்கியிருந்தது. 2025-ல் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் வண்டியும் நல்ல ஓட்டல்களும் டாலரில்தான் பேசுகின்றன. அதனால் அவர்கள் காசு சரிந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் கொத்து ரொட்டியிலும் டீயிலும் மட்டும்தான். அதை லாபம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. 2023-ல் பெட்ரோல் பங்கில் இன்னும் ரேஷன் அளவுக்கு க்யூஆர் காட்டித்தான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, வரிசை 14.

2019-ல் அது ஷீட்டிலேயே இல்லை. அந்தத் தடவை பெரிய ஓட்டல்களாகப் போட்டிருந்தோம். பின்பக்கம் டிரைவர்களுக்கென்று ஒரு கட்டிடம் இருக்கும், வரிசையாகக் கட்டில், அவர்களுக்கே தனிச் சாப்பாடு. ராத்திரி அங்கே ஒரே சிரிப்புச் சத்தம். எந்த ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, எந்தக் கும்பல் டிப்ஸ் கொடுக்காமல் போனது என்று ஊர்க்கதை முழுக்க அங்கேதான் ஓடும். எனக்கு அதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

2023-ல் சிக்கனம் பார்த்தேன். நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு அழகான காட்டேஜ், பாதி விலை. இரண்டாம் நாள் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் போகாவிட்டால் பனிமூட்டம் வந்து மூடிவிடும் என்று காலை 5 மணிக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார் டிரைவர். பத்து நிமிடம் முன்னதாகவே நான் வெளியே வந்துவிட்டேன். வேன் கண்ணாடி முழுக்க உள்ளே ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் மட்டும் யாரோ கையால் துடைத்த தடம். கொக்கியில் அவருடைய வெள்ளைச் சட்டை ஹேங்கரில் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டைச் சாய்த்து, பெரியவனின் ஸ்வெட்டரைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். 1,868 மீட்டர் உயரத்து ஊர், எனக்கு இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர் போகவில்லை.

"ஏன் தம்பி, ரூம் இல்லையா?" என்றால், "பரவால்ல சேர், பழகிருச்சு" என்கிறார். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நம் ஊர்த் தமிழ் மாதிரியே இருக்கும், அந்தச் 'சேர்' ஒன்றுதான் வித்தியாசம். "டிரைவர் தங்கல் உட்பட" என்று மெயிலில் எழுதிய வண்டிக் கம்பெனி அவருக்கு ராத்திரிக்கு 2,500 இலங்கை ரூபாய் பேட்டா கொடுக்கிறது, அவ்வளவுதான் 'உட்பட'. அந்தக் காசுக்கு அந்த ஊரில் அவருக்கு அறை கிடைக்காது. எங்கள் காட்டேஜிலோ டிரைவருக்கு இடமே இல்லை. நான் மிச்சம் பிடித்த பாதி விலை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவுக்குத் தெரிந்தபிறகு பயணத்தின் போக்கே மாறிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஓட்டல் வாசலில் இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, ராத்திரிக்கு எங்க படுக்கப் போற?" அறை எப்படி, கடல் தெரிகிறதா என்பதெல்லாம் பிறகுதான்.

கம்பெனியைத் திட்டலாம், திட்டினேன். ஆனால் நியாயமாகப் பேசினால் அடிமாட்டு விலைக்குக் கேட்டது நான். நாளுக்கு 5 டாலர் குறைத்துப் பேசி ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 5 டாலர் எங்கே போகும்? பேட்டாவில் போகும். இல்லாவிட்டால் மாத்தளை மசாலாத் தோட்டத்தில் ஒரு மணி நேரம், கண்டி ரத்தினக் கடையில் ஒரு மணி நேரம் என்று நம்மை இறக்கிவிட்டு, அங்கே கிடைக்கும் கமிஷனில் ஈடு கட்டப்படும். மலிவான கொட்டேஷன் என்றாலே வழியில் கடைகள் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா அதிகாரசபை உரிமம் வைத்திருக்கிற டிரைவர் கைடு கொஞ்சம் கூடக் கேட்பார். கேட்கட்டும்.

2025-க்கு முன்னால் உட்கார்ந்து ஷீட்டைத் திருத்தினேன். அதே டிரைவரை நேராகக் கூப்பிட்டுப் பேசினேன், கம்பெனி நடுவில் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டலுக்கும் ஒரே மெயில்: "டிரைவருக்குப் படுக்கை உண்டா? சாப்பாடு உண்டா? கட்டணம் எவ்வளவு?" இதுதான் வரிசை 14. பதில் சொன்ன விதத்திலேயே ஓட்டல் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சிகிரியாவில் இரண்டும் இலவசம். கண்டியில் இடமில்லை, பக்கத்து வீட்டில் 3,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்துதருகிறோம் என்றார்கள். நுவரெலியாவில் இந்தத் தடவை பழைய காலத்துப் பெரிய ஓட்டல், டிரைவர் அறையில் சுடுதண்ணீர் கூட உண்டு. எல்லவில் "நோ" என்று ஒரே வார்த்தை. அதனால் அங்கே எதிர் வீட்டில் நானே 18 டாலர் முன்பணம் கட்டி அவருக்கு ஒரு அறை போட்டேன்.

எல்லவுக்குப் போய்ச் சேர்ந்து, பெருமையாகச் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. பண்டாரவளையில நம்ம மச்சான் வீடு இருக்கு, அங்க போயிருவேன். அடுத்த தடவ இந்த ரூம் காச கையிலயே குடுத்தீங்கன்னா..."

அறை அன்று ராத்திரி காலியாகவே கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்து மெயில் எழுதி, தேடித் தேடி, படம் பார்த்துப் போட்ட அறை. சாப்பிடும்போது புலம்பினேன். அம்மா அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "நீ நிம்மதியா தூங்கணும்னு அவனுக்கு ரூம் போட்டியா?" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

இப்போது ஷீட்டில் வரிசை 14 இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 14அ, ஓட்டலில் இலவசப் படுக்கை உள்ள இடங்கள், அங்கே பேட்டா வழக்கம்போல. 14ஆ, படுக்கை இல்லாத இடங்கள், அங்கே ராத்திரிக்கு 15 டாலர் ரொக்கம், முதல் நாளே கையில். அதை வைத்து அவர் அறை எடுப்பாரோ, மச்சான் வீட்டுக்குப் போவாரோ, வண்டியிலேயே படுப்பாரோ, அது அவர் பாடு என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதோடு சரி, காலையில் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

கண்டி, கொழும்பு மாதிரி ஊர்களில் சுற்றிப் பார்க்க வண்டியை எடுக்காதீர்கள். பிக்மீ ஆப்பில் ஆட்டோ வரும், டிரைவரும் ஓய்வெடுப்பார், கிலோமீட்டரும் மிச்சம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சிகிரியா போன்ற இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு டிக்கெட் விலை குறைவு.

இனி நண்பருக்குப் பதில். ஓட்டல் தனி, வண்டி தனி என்று போடுவதுதான் மலிவு, வசதி, சுதந்திரம். இலங்கையைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனாலும் நீ பேக்கேஜிலேயே போ. டிரைவர் என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்பதெல்லாம் பேக்கேஜில் உன் கண்ணில் படாது. உங்கம்மாவும் கூட வருகிறார் என்கிறாய், அவரும் எங்கம்மா மாதிரிதான்.

நாங்கள் அடுத்த பிப்ரவரியில் மறுபடி போகிறோம். நேற்று டிரைவருக்குப் போன் போட்டுத் தேதி சொன்னேன். எத்தனை பேர், எத்தனை நாள் என்று எதுவும் கேட்கவில்லை.

"நுவரெலியால அந்தப் பழைய ஓட்டல்தானே சேர்?"