ஃப்ரெங்கிஷே ஷ்வைட்ஸ் கிராவல் பைக் டூர்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெர்மனியில் கிராவல் பைக் (சரளை, மண் பாதையிலும் ஓட்டுகிற மாதிரி அகல டயர் போட்ட சைக்கிள்) ஓட்டுகிற நம்மவர்களுக்கும், கோடையில் ஊரிலிருந்து வந்து இங்கே நாலு நாள் சைக்கிளில் சுற்றலாம் என்று திட்டம் போடுபவர்களுக்கும் இந்தப் பதிவு. நூர்ன்பெர்க், பாம்பெர்க், பைரொய்த் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற ஃப்ரெங்கிஷே ஷ்வைட்ஸ் மலைப்பகுதியில் "கோட்டைகளின் வழியே கிராவல்" என்ற மாதிரி பேக்கேஜ்கள் விற்கிறார்கள். தங்குமிடம், வாடகை சைக்கிள், பை கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஜிபிஎஸ் வழி எல்லாம் சேர்த்து ஒரே விலை. அப்படி ஒன்றை நானும் என் மைத்துனனும் எடுத்து நன்றாக ஏமாந்தோம். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே மாதிரி விற்பவர்கள் யாராக இருந்தாலும் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் சைக்கிள். எபர்மன்ஷ்டட்டில் எங்களிடம் கொடுத்த இரண்டுமே விளம்பரத்தில் இருந்த மாடல் இல்லை. 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் என்று எழுதியிருந்தார்கள், வந்தது தேய்ந்துபோன 32, உள்ளே சாதாரண ட்யூப். இந்தப் பகுதி முழுக்க சுண்ணாம்புக்கல், உடைந்த கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அதில் இந்த டயரோடு போனால் பஞ்சர் ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மழை பெய்தால் அதே கல்தூள் வெள்ளைச் சேறாகி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் அந்த ஊரில் சைக்கிள் வாடகைக்கு விடுபவனுக்குத் தெரியாமல் இருக்காது. கோஸ்வைன்ஷ்டைன் ஏற்றத்தை முடித்து மறுபக்கம் இறங்கும்போது பின்னாலிருந்து மைத்துனன் கத்தினான், "மாமா, முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது!" நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பேடில் (டிஸ்கைப் பிடிக்கும் கட்டை) உராயும் பகுதியே இல்லை, பின்னால் இருக்கிற இரும்புத் தகடு நேராக டிஸ்கில் உரசி வட்டம் வட்டமாகக் கோடு விழுந்திருக்கிறது. அது ஒரு நாளில் தேய்ந்தது இல்லை. போன ஆள் ஓட்டித் திரும்பக் கொடுத்ததை யாரும் பார்க்காமல் அப்படியே எங்கள் கையில் தந்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக்கு நூறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டிய ஊரில் பிரேக் இல்லாத சைக்கிளைக் கொடுப்பது சேவைக் குறைபாடு என்று சொல்லி விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை, ஆளைக் கொன்றிருக்கும்.

ஆனால் எனக்கு அதைவிடக் கோபம் வந்தது வழியைப் பார்த்துத்தான். "ஒவ்வொரு கிலோமீட்டரும் எங்கள் ஆட்களே ஓட்டிப் பார்த்தது" என்று போனிலும் சொன்னார்கள், எழுதியும் இருந்தது. விலையில் பாதி அந்த உழைப்புக்குத்தான் என்று நினைத்துத்தான் பணம் கட்டினோம். அப்படி ஓட்டிப் பார்த்த யாரும் ராபென்ஷ்டைன் கோட்டையிலிருந்து ஆயில்ஸ்பாக் பள்ளத்தாக்குக்குப் படிக்கட்டோடு இறங்கும் நடைபாதையில் சைக்கிளை அனுப்ப மாட்டார்கள். கோட்டை நிற்பதே செங்குத்தான பாறை விளிம்பில். தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினோம், எதிரே குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் ஒதுங்கி நின்று முறைத்தன, அவர்கள் முறைத்ததில் தப்பே இல்லை. பவேரியாவில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் அதற்கு ஏற்ற பாதையில்தான், நடப்பவர்களுக்கே முன்னுரிமை, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. (பக்கத்து மாநிலம் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் இன்னும் கடுமை, காட்டில் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிளே கூடாது.) காசு வாங்கி வழி விற்பவன் இதைப் பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொரு இடத்தில் வழி வயலுக்கு நடுவே நேர்கோடாகப் போய் ஒரு வேலியில் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள். அப்புறம் முக்கென்டோர்ஃபிலிருந்து பேரிங்கர்ஸ்முய்லே பக்கம் எங்களை 470-ஆம் நெடுஞ்சாலையிலேயே ஏற்றிவிட்டார்கள். வீசென்ட் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை அது, வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கிராவல் என்று சொல்லி விற்ற டூரில் நாங்கள் அங்கே ஓரக்கோட்டில் ஒட்டிக்கொண்டு போனோம்.

ராத்திரி அறைக்கு வந்ததும் அவர்கள் தந்த ஜிபிஎஸ் வழி இருக்கிற ஜிபிஎக்ஸ் ஃபைலை லேப்டாப்பில் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம், அது வெறும் எழுத்து ஃபைல்தான். நிஜமாக ஓட்டிப் பதிவு செய்ததாக இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே தேதியும் நேரமும் இருக்கும், வளைவுகளில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், ஒரே சாலையில்கூட கோடு லேசாக ஆடும். எங்களுடையதில் நேரம் என்ற வரியே கிடையாது. வயல் குறுக்கே போன இடத்தில் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நேரத்தை மட்டும் அழித்துவிட்டுத் தரும் நேர்மையானவர்களும் உண்டு, அதனால் நேரம் இல்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரமும் இல்லை, நடுவில் புள்ளியும் இல்லை, படிக்கட்டும் வேலியும் இருக்கிறது என்றால் அது மேஜையில் உட்கார்ந்து மவுஸால் இழுத்த கோடு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு நாள் வழியின் ஃபைலையாவது மாதிரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் தயங்காமல் தருவார்கள். அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள், காட்டு, வயல் பாதைகளை அதில் 1 முதல் 5 வரை தரம் பிரித்திருப்பார்கள். 1 கெட்டியான தரை, 5 வெறும் மண்ணும் புல்லும். 2, 3 வருகிற பாதைகள்தான் கிராவல் பைக்குக்குச் சுகம். இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட பாதைக்குப் பஞ்சமே இல்லை, அதுதான் வயிறு எரிகிறது. கிழக்கே பெக்னிட்ஸ் பக்கம் ஃபெல்டென்ஷ்டைன் காடு முழுக்க மரம் ஏற்றும் வண்டிக்காகப் போட்ட அகலமான சரளைச் சாலைகள், காட்டை விட்டு நொய்ஹவுஸுக்கு இறங்கினால் ஊருக்கு மேலேயே ஃபெல்டென்ஷ்டைன் கோட்டை. எங்கள் பேக்கேஜில் அந்தக் காட்டின் பெயரே இல்லை.

கோட்டை விஷயத்திலும் ஏமாற்றுதான். "நுழைவுக் கட்டணங்கள் உட்பட" என்று பட்டியல் போட்டதில் முதலில் இருந்தது நைடெக். ஷ்ட்ரைட்பெர்க்குக்கு எதிரே பாறைமேல் நிற்கும் இடிந்த கோட்டை அது, 1553-இல் நடந்த சண்டையில் எரிந்ததிலிருந்து இடிபாடாகவே நிற்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறிப் பார்க்கலாம். இல்லாத டிக்கெட்டுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். எக்லோஃப்ஷ்டைன் கோட்டை தனியார் குடும்பத்துச் சொத்து, உள்ளே பார்க்க முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், இவர்கள் யாரிடமும் பேசியிருக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

போன் போட்டால், "கிராவல் என்றால் கொஞ்சம் சாகசம் இருக்கத்தானே செய்யும்" என்று பதில். பிரேக் பேடை நாங்களே ஒரு கடையில் மாற்றிக்கொண்டோம், அந்த ரசீதை அனுப்பியும் காசு வரவில்லை. கடைசியில் அடுத்த வருடத்துக்கு ஒரு வவுச்சர் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். தங்குமிடமும் சைக்கிளும் வழியும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது பெரும்பாலும் பேக்கேஜ் சுற்றுலாவாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அப்படியானால், கம்பெனி திவாலானாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்கான காப்பீட்டுச் சான்றை, இங்கே சிகருங்ஸ்ஷைன் என்பார்கள், உங்களிடம் கொடுக்காமல் பயணத்துக்கு முன் ஒரு யூரோகூட வாங்கக் கூடாது. முன்பணம் வழக்கமாக 20 சதவீதம், மீதி கிளம்புவதற்கு 30 நாள் முன்புதான். எங்களிடம் புக் செய்த அன்றே முழுப் பணத்தையும் வாங்கினார்கள், சான்று என்ற பேச்சே எடுக்கவில்லை.

குறை இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்காதீர்கள், அங்கிருந்தே உடனே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விலைக் குறைப்பு கேட்கும் உரிமையே போய்விடலாம். போனில் பேசினாலும் பின்னாலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள், போட்டோ எடுங்கள். தேய்ந்த பேடை நான் தூக்கிப் போடவில்லை, கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பயணம் முடிய வேண்டிய நாளிலிருந்து 2 வருடம் வரை பணம் கேட்டு வழக்குப் போடலாம். ஃபெர்பிராவுகர்செண்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை மையத்தில் கேட்டுவிட்டு, பதில் தர ஒரு கெடு தேதி வைத்து கம்பெனிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன், பதில் வராவிட்டால் நீதிமன்றம்தான்.

இந்தக் கோடைக்கு ஏற்கெனவே எங்காவது முன்பணம் கட்டியவர்கள் இன்றைக்கே மின்னஞ்சலைத் திறந்து அந்தக் காப்பீட்டுச் சான்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், வரும்வரை மீதியைக் கட்டாதீர்கள். சைக்கிள் கைக்கு வந்ததும் கிளம்புவதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைப் பார்த்துவிடுங்கள், கொடுப்பவர் அவசரப்படுத்தினாலும் சரி.