குளத்தோர வளவும் அனுமதிகளும்: யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் கண்டவை

வலிகாமத்தில் உள்ள எங்கள் வளவில் சிறியதொரு வீடு கட்டுவதற்கான அனுமதிகளை எடுக்கவே இம்முறை ரொறன்ரோவில் இருந்து ஊருக்குப் போனேன். வளவின் மேற்கெல்லை ஊர்க் குளத்தின் அலைகரைக்கு மிக அண்மையில் முடிகிறது. வீடு அமையவேண்டிய இடத்தில் பனைகள் நின்றன. ஆகவே மரம் தறிப்பதற்கும், நீர்நிலைக்கு அருகே கட்டுவதற்கும் என்று பல கந்தோர்களின் படிகளை ஏறவேண்டியிருந்தது. காணி வாங்கவோ வீடு கட்டவோ ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

பனை விடயத்தில் கிடைத்த சேவை எனக்கு நிறைவளித்தது. இலங்கையில் பலா, ஈரப்பலா, பனை ஆகியவை சொந்தக் காணியில் நின்றாலும் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதி வேண்டும். விதானையாரின் (கிராம அலுவலரின்) பரிந்துரையோடு பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்த பின்னர், பார்வையிட வந்த உத்தியோகத்தர் ஒவ்வொரு பனையையும் சுற்றிப் பார்த்தார். அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, வட்டு நிற்கும் பக்கத்தை அண்ணாந்து நோக்கி, அத்திவாரத்துக்குக் கயிறு கட்டியிருந்த இடத்தில் இருந்து தூரத்தை அளந்தார். "ஐயா, இந்த ரெண்டும் வீட்டுக்கு மேல சாயிற மாதிரி நிக்குது, தறிக்கலாம். மற்றதுகள் வேலியோரம்தானே நிக்குது, அதுகளை விட்டிட்டுக் கட்டுங்கோ" என்றார். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகப் பனந்தோப்புகள் அழிந்ததைக் கண்ட மண்ணில், ஒரு மரத்துக்காக ஓர் அலுவலர் வெயிலில் நின்று வாதாடியது எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்தியது. நாங்கள் வரைபடத்தைச் சற்று மாற்றினோம்.

கட்டட அனுமதிக்குரிய உள்ளூராட்சிச் சபையிலும் மரியாதையாகவே நடத்தினார்கள். காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டட வரைபடம் ஆகியவற்றைச் சரிபார்த்து, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை விரிவாகக் கேட்டார்கள். மாரி மழையில் வளவின் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடிக் குளத்தைச் சேர்கிறது என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஓரிடமும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி ஏன் வேண்டும் என்பதைப் பக்கத்துக் காணி காட்டியது. முன்பு மழைவெள்ளம் தங்கிக் குளத்துக்கு வடியும் பள்ளமாக இருந்த அந்த நிலம், இப்போது ஒழுங்கை மட்டத்துக்கு மேல் கிரவல் கொட்டி உயர்த்தப்பட்டிருக்கிறது. ஒழுங்கைக்குக் குறுக்கே இருந்த சிறு மதகின் வாய் முக்கால்வாசி மூடுண்டு, எஞ்சிய இடைவெளியில் பொலித்தீன் பைகளும் காய்ந்த தென்னோலையும் அடைத்துக் கிடந்தன. கரையில் நின்ற நாவல் மரத்தையும் காணவில்லை. இது யாருடைய பொறுப்பு என்று விசாரித்தேன். மரம் என்றால் ஓரிடம். வயற்காணியை நிரப்புவதென்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி. கடலோரத்தில் 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம். கட்டடம் என்றால் உள்ளூராட்சிச் சபை. அந்தக் காணியோ உறுதியில் வயல் என்று இல்லை, மேட்டுக்காணி என்றே இருக்கிறதாம். ஆகவே ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டியது. ஒவ்வொருவரும் தத்தம் சட்டத்தைச் சரியாகவே சொன்னார்கள், ஆனால் தண்ணீரின் வழி எவருடைய கோப்பிலும் இல்லை.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலின்படி, ஈரநிலத்தை நிரப்பும் வேலை பொதுவாக 4 ஹெக்டேயரைத் தாண்டினால்தான் அந்த மதிப்பீட்டுக்கு உட்படும். நமது கணக்கில் அது கிட்டத்தட்ட 160 பரப்பு. யாழ்ப்பாணத்தில் எவரும் அவ்வளவு நிலத்தை ஒரே தடவையில் நிரப்புவதில்லை. இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத்தான் பள்ளங்கள் மேடாகின்றன. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழைதான் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி நன்னீராகிறது. அது அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. குளமும் பள்ளமும் தரவை எனப்படும் வெட்டவெளிப் புல்நிலமும் அந்த நீர் இறங்குவதற்கு அவகாசம் தருகின்றன. அவற்றை மூடினால் மாரியில் வெள்ளம் அயல்வீட்டு முற்றத்துக்கு வரும். வைகாசியில் கிணறு உவர்க்கத் தொடங்கும். 2024 நவம்பர் வெள்ளத்தின்போது எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் வடிய வழியின்றி நின்றதாக அயலவர்கள் சொன்னார்கள்.

நான் வாழும் இடத்தில் இந்த ஒழுங்கு ஒரு பேரழிவுக்குப் பின்னர்தான் இறுகியது. 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளியால் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்ட விட்டதன் விலை அது. 1957இல் உருவான ரொறன்ரோப் பகுதிப் பேணல் அதிகாரசபை, நிர்வாக எல்லைகளைப் பார்க்காமல் நீர் வடியும் நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. இன்று அங்கே ஈரநிலத்தில் இருந்து 30 மீற்றருக்குள் கட்டவோ மண் நிரப்பவோ அதன் அனுமதி வேண்டும். மரத்துக்கு மாநகரசபையின் தனி விதி உண்டு: நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தைத் தனியார் காணியிலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. அங்கும் தாமதமும் செலவும் உண்டு. வீட்டுக்காரர் சலித்துக்கொள்வதும் உண்டு. ஆனாலும் தண்ணீரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மேசை இருக்கிறது.

ஊரை விட்டுப் புறப்படும் முன் அயலவர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, சபையிலும் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் கையளித்துப் பதிவு இலக்கம் பெற்றுக்கொண்டோம். கேட்டவை மூன்று. மதகின் வாயைத் திறக்க வேண்டும். குளத்தின் எல்லையை அளந்து கல் நாட்ட வேண்டும். நீர்நிலைக்கு அருகே நிலம் நிரப்ப விண்ணப்பம் வந்தால் அயற்காணிக்காரருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றாவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் தண்ணீர் எந்த வழியால் போனது என்பது அயலில் இருக்கும் முதியவர்களுக்குத்தான் தெரியும். மதகைப் பார்வையிட ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காணி பார்க்கப் போகிறவர்கள் ஆடியில் போகாமல் கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்; நில அளவையாளரிடம் வெள்ளவாய்க்காலையும் படத்தில் குறித்துத் தரும்படி கேட்கவேண்டும். எங்கள் படத்தில் இப்போது அது நீலக் கோடாக இருக்கிறது, வீட்டின் அத்திவாரமும் அந்தக் கோட்டில் இருந்து விலகித்தான் போடப்படுகிறது.