பேரிடர் காலக் கொள்ளை விலை: கலிஃபோர்னியா, புளோரிடா, நியூயார்க் சட்டங்களில் எது கைகொடுக்கும்?

பேரிடர் சமயத்தில் விலையை ஏற்றி விற்பதைத் தடுக்க அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். மூன்று மாநிலங்களை அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும்: எந்தப் பேரிடரால் சட்டம் வந்ததோ, அதன் அளவுக்கே அது தைக்கப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவுக்கு 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், புளோரிடாவுக்கு 1992 ஆண்ட்ரூ சூறாவளி, நியூயார்க்குக்கு 1978-79 குளிர்காலத்தில் எகிறிய, வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை.

கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டம் 396ஆம் பிரிவு எண்ணால் பேசுகிறது. அவசரநிலை அறிவித்ததும் 30 நாளுக்கு, அதற்குச் சற்று முன்பிருந்த விலைக்கு மேல் 10 சதவீதம்தான் ஏற்றலாம். வீடு பழுதுபார்க்கும், இடிபாடு அகற்றும் வேலைகளுக்கு 180 நாள். காலக்கெடுவை நீட்டிக்கவும் முடியும். வாடகைக்கும் இதே வரம்பு: 3,000 டாலர் வீட்டை 3,300க்கு மேல் விடக் கூடாது. முன்பு வாடகைக்கே விடாத வீடென்றால், மத்திய வீட்டுவசதித் துறை அந்தப் பகுதிக்குக் குறித்த நியாய வாடகையில் 160 சதவீதம் உச்சவரம்பு. "குறுகிய கால ஒப்பந்தம், அதனால் கூடுதல்" என்ற சாக்கு செல்லாது. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பிறகு வீட்டுத் தரகர்கள் மீதே குற்றவழக்குகள் பாய்ந்தன. ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் உண்டு.

புகார் சறுக்கும் இடங்கள் இரண்டு. அறிவிப்புக்கு முன் அந்தப் பொருள் தள்ளுபடியில் இருந்திருந்தால், கடைக்காரர் தன் வழக்கமான விலையிலிருந்தே 10 சதவீதத்தைக் கணக்கிடலாம். தள்ளுபடி ரசீதைக் காட்டிப் பயனில்லை. கொள்முதல் விலையோ கூலியோ ஏறியதை அவர் நிரூபித்தால் அந்த ஏற்றமும் விலையில் சேரும். இன்னொரு பக்கம், எல்லாப் பொருளிலும் 9 சதவீதம் ஏற்றியவரை இந்தப் பிரிவு தொடவே தொடாது.

நிலநடுக்கம் சொல்லாமல் வருவதால் "சற்று முன்பிருந்த விலை" அங்கே சரியான அளவுகோல். சூறாவளி அப்படியல்ல. அது கரையேறும் முன்பே தண்ணீர், ஜெனரேட்டர், பலகை எல்லாம் விலை ஏறத் தொடங்கலாம். அதனால்தான் புளோரிடா, அறிவிப்புக்கு முந்தைய 30 நாள் சராசரியை அடிப்படையாகக் கொள்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் சராசரிக்கு மேல் எவ்வளவு போனால் குற்றம் என்பதற்கு எண் இல்லை. "பெரும் வேறுபாடு" என்பதோடு சரி. அபராதமும் மீறலுக்கு 1,000 டாலர், 24 மணி நேரத்தில் மொத்தம் 25,000க்கு மேல் போகாது. பெரிய சங்கிலிக் கடைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

நியூயார்க்கின் பொது வணிகச் சட்டம் 396-ஆர் பிரிவிலும் சதவீதம் இல்லை. நியாயத்துக்கு ஒவ்வாத அளவு விலையா என்று நீதிமன்றம்தான் முடிவு செய்யும். 1985 குளோரியா சூறாவளியின்போது ஜெனரேட்டர் விற்ற ஒரு கடை மீதான வழக்கில், மாநில உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1988இல் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தச் சட்டத்தின் பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று சங்கிலி முழுவதும் இதற்குள் வரும். சந்தை குலைந்தாலே போதும், ஆளுநரின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நிலை; 2022 குழந்தைப் பால்மாவுத் தட்டுப்பாட்டில் அப்படித்தான் கடைகளை எச்சரித்தார்கள். மீறலுக்கு 25,000 டாலர் அல்லது அந்தப் பொருளில் வந்த மொத்த வசூலைப் போல் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். ஆனால் இந்தப் பிரிவின்கீழ் வழக்குப் போட அந்த அலுவலகத்தால் மட்டுமே முடியும், வாங்கியவரால் முடியாது.

வாங்குபவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்க கலிஃபோர்னியாதான் மேல். மொத்த வியாபாரியைப் பிடிக்க நியூயார்க். எங்கே புகார் கொடுத்தாலும் புதிய ரசீது மட்டும் போதாது. பழைய விலைக்கும் சான்று வேண்டும். அதே பிராண்டு, அதே அளவுப் பொருளுக்குத் தேதியுடன் திரைப்பிடிப்போ பழைய ரசீதோ வையுங்கள். வாடகையென்றால் பழைய விளம்பரத்தின் நகலைச் சேமித்துவிடுங்கள். வீட்டுக்காரர் விலையைத் திருத்திவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். நியூயார்க்கில் அதே வட்டாரத்தின் மற்றக் கடைகளின் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள், சட்டம் அதோடும் ஒப்பிடுகிறது.