டி.எல். 072 என்று அச்சிட்டு வேறு ஐ.சி. விற்கிறார்கள்: ப்ரீஆம்ப் செய்வோர் கவனத்துக்கு

வீணைக்கோ வயலினுக்கோ பீசோ பிக்கப் (அதிர்வை மின் அலையாக மாற்றும் வில்லை) ஒட்டி, அந்த மெல்லிய அலையைப் பெருக்கும் ப்ரீஆம்பைத் தாங்களே செய்துகொள்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். 'ஒரிஜினல்' என்று விளம்பரம் செய்து ஆன்லைன் விற்பனையாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய டி.எல். 072 ஐ.சி.க்கள் (ப்ரீஆம்பில் பெருக்கும் வேலையைச் செய்பவை) அத்தனையும் போலி. செத்த ஐ.சி. என்றால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இவை வேலை செய்கின்றன, அதனால்தான் ஆபத்து.

மயிலாப்பூரில் வீணை கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவருக்காக, நவராத்திரிக் கச்சேரிக்கென்று அந்த ஐ.சி. ஒன்றைப் போட்டு ஒரு ப்ரீஆம்ப் பெட்டியைச் செய்தேன். வீட்டில் அவர் மெல்ல வாசித்துப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. கோவில் மேடையில் அனுமந்தரத் தந்தியை ஓங்கி மீட்டியதும் ஸ்பீக்கரில் நாதம் உடைந்தது. கை ஓய்ந்த இடத்தில் இரைச்சல் எழுந்தது. "தம்பி, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் கசக்குகிற மாதிரி இருக்கிறதே" என்றார். பெட்டியைக் கழற்றிவிட்டு, இருந்த மைக்கை வைத்துக் கச்சேரியை ஒப்பேற்றினோம். ஆண்டுக்கணக்கில் வாசிக்கிறவரை இப்படிச் சபையில் சங்கடப்படுத்தியதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பிக்கப்பை மாற்றினேன், ஷீல்டு வயரை மாற்றினேன், சால்டர் முழுவதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடைசியில்தான் லென்ஸ் ஐ.சி.யின் மேல் போனது. முதுகில் ஒரே திசையில் உப்புக்காகிதம் தேய்த்த கீறல்கள். முதல் காலின் அருகே இருக்க வேண்டிய குழியைக் கறுப்புப் பெயின்ட் பாதி மூடியிருந்தது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்ததும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் முத்திரை கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருப்பது அநேகமாக 4558 என்ற வேறொரு பெருக்கி ஐ.சி. அல்லது அதன் உறவு. இரண்டுக்கும் கால் அமைப்பு ஒன்றே, ஆனால் 4558-இன் விலை குறைவு. 1978 முதல் புழக்கத்தில் இருக்கும் 072-இன் நுழைவாயில் ஜே.ஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டர். அது இழுக்கும் மின்னோட்டம் சில பத்து பிகோ ஆம்பியர்தான். 4558-இன் நுழைவாயில் சாதாரண டிரான்சிஸ்டர், ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். பீசோவுக்காக நாம் வைக்கும் 10 மெகா ஓம் ரெசிஸ்டரில் அந்த மின்னோட்டம் ஓடினால் நுழைவாயிலின் மின்னழுத்த நிலை ஒரு வோல்ட் அளவுக்கு நகர்ந்துவிடும். 9 வோல்ட் பேட்டரியில் நடுநிலையே 4.5தான். அது நகர்ந்தால் அலையின் ஒரு பக்கம் முன்னதாகவே வெட்டுப்படும். டீச்சர் காதில் விழுந்த காகிதச் சத்தம் அதுதான்.

அசிட்டோனை மட்டும் நம்ப வேண்டாம், அதற்கும் கரையாத அச்சு போடுகிறார்கள். ஐ.சி. சாக்கெட்டில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள், இணைப்புப் புள்ளிதான் கிரவுண்ட். 8-ஆம் காலுக்கு பிளஸ், 4-ஆம் காலுக்கு மைனஸ். 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துவிட்டு, 3-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மெகா ஓம். மல்டிமீட்டரை 1-ஆம் காலில் வையுங்கள். 3-இல் வைத்தால் மீட்டரே அளவைக் கெடுத்துவிடும். நல்ல 072 பத்து மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும். எனக்கு வந்தவை 600, 700 என்று காட்டின, ஒன்று ஒரு வோல்ட்டையே தாண்டியது.

இந்த அளவுகளைப் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். "நீங்கள் சால்டர் செய்யும்போது சூட்டில் கெட்டிருக்கும்" என்று பதில் வந்தது. சால்டர் படாத, சாக்கெட்டில் மட்டும் செருகிய ஐ.சி.க்களின் படங்கள் அவை! அதைச் சுட்டிக்காட்டிய பிறகு பதிலே இல்லை. பழி எப்போதும் பெட்டியைச் செய்தவன் தலையில்தான் விழும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புதிதாகப் பழகும் பிள்ளைகள் எத்தனை பேர் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்து இந்தப் பக்கமே வராமல் போயிருப்பார்கள்?

மட்சுஷிட்டா எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்ட எம்.என். 3005 எக்கோ ஐ.சி.யும் 'புத்தம் புதியது' என்று மலிவாகக் கிடைக்கிறது. அதையும் தொடாதீர்கள். நான் இப்போது எலிமென்ட்14, மவுசர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் மட்டுமே வாங்குகிறேன். காசு கூடுதல்தான், ஆனால் அங்கிருந்து வந்த 072-ஐப் போட்டதும் அதே பெட்டி சுத்தமாகப் பாடியது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நீங்களும் மலிவு விலையில் 072 வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அளந்துவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோவும் எடுத்து வையுங்கள்.