கியூபெக் பிரெஞ்சு வம்சாவளித் தேடல்: மூன்று தளங்கள், நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பின்

கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடும்பங்களை 1600கள் வரை பின்னோக்கிப் பிடித்துப் போகலாம். பங்குப் பதிவேடுகள், அதாவது ஊர்க் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள், அவ்வளவு தொடர்ச்சியாகப் பிழைத்திருக்கின்றன. அவற்றைத் தேட நான் பயன்படுத்துபவை பி.ஆர்.டி.ஹெச்., ஜெனியாலஜி கியூபெக், ஃபேமிலிசர்ச் என்ற மூன்று இணையதளங்கள். வம்பெல்லாம் குடும்பப் பெயரில்தான். அதை நம்பித் தேடுகிறவர், நாலு தலைமுறைக்குள் வேறு யாருடைய பாட்டனையோ தன் வம்ச மரத்தில் ஏற்றிவிடுவார். எந்தத் தளமானாலும் ஒரு திருமணப் பதிவிலிருந்து முந்தைய திருமணப் பதிவுக்கு என்றுதான் நகர வேண்டும்.

முதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் இருக்கும். தாயின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. பெண்களின் அடக்கப் பதிவையும் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். மறுமணம் வந்தால் சிக்கல்: பெற்றோருக்குப் பதிலாக, இறந்துபோன துணையின் பெயரை மட்டும் எழுதி முடித்திருப்பார் பங்குத்தந்தை. முதல் திருமணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே போக முடியாது. திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும். மணமகனின் ஊரில் தேடி ஓய்ந்துபோக வேண்டாம். அவன் ஊரிலும் ஓலை (கோயிலில் படிக்கும் திருமண முன்னறிவிப்பு) வாசித்திருந்தால், அந்த ஊர் எது என்பது திருமணப் பதிவிலேயே இருக்கும்.

இனி 'டி' (dit) பெயர்கள். ஹுதோன் டி போலியூ, மிவில் டி தெஷேன் என்பவை 'இன்னார் என்கிற இன்னார்' வகை. 1665இல் பிரான்சிலிருந்து கியூபெக்கில் வந்திறங்கிய கரிஞான்-சாலியேர் படைப்பிரிவு வீரர்களில் ஏறத்தாழ 400 பேர் அங்கேயே குடியேறினர். அவர்களோடு படையில் வழங்கிய பட்டப்பெயர்களும் தங்கின. நிலம், சொந்த ஊர், மூதாதையின் முதற்பெயர் ஆகியவற்றிலிருந்தும் இப்படிப் பெயர்கள் வந்தன. ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஹுதோன், திருமணத்தில் போலியூ என்று இருப்பான். அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றதையும் வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அமெரிக்காவுக்குப் போனவர்களில் ருவா கிங் ஆனார், புவாவெர் கிரீன்வுட் ஆனார். எல்லாப் பெயர்களையும் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பி.ஆர்.டி.ஹெச். ஈடில்லாதது. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம். பெயரின் எழுத்து வேறுபாடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, தம்பதியையும் பிள்ளைகளையும் ஒரே குடும்பத் தாளில் சேர்த்துத் தருகிறது. குறை இரண்டு. 1849க்குப் பிறகு பெரும்பாலும் கைவிட்டுவிடும். பார்க்கும் பக்கத்துக்கெல்லாம் பணம் கட்டி வாங்கிய கணக்குக் குறையும். சும்மா மேய முடியாது.

ஜெனியாலஜி கியூபெக் தளத்தின் பலம் துரூவாங் தொகுப்பு: 1940கள் வரையிலான பதிவேட்டுப் படங்கள். ஃபேமிலிசர்ச் இலவசம், பங்கு, ஆண்டு வாரியாகப் பக்கம் புரட்டலாம். பல பதிவேடுகளில் ஆண்டுக் கடைசியில் பெயர்ப்பட்டியல் உண்டு, முதலில் அங்கே போங்கள். படத்தில் ஓரக்குறிப்பைப் பாருங்கள்: B ஞானஸ்நானம், M திருமணம், S அடக்கம். தேதி எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். ஞானஸ்நானப் பதிவில் 'நேற்றுப் பிறந்த' என்று இருந்தால், பிறந்த நாளுக்கு ஒரு நாள் கழிக்க வேண்டும். பையன்களுக்கு ஜோசப், பெண்களுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது வழக்கம். கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஒரு குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர் வைப்பார்கள். ஆகவே முதலில் கண்ணில் படும் ஞானஸ்நானத்தை எடுத்துக்கொள்ளாமல் அடக்கப் பதிவையும் சரிபாருங்கள்.

1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வந்த டாங்கே பாதிரியாரின் அகராதி இன்னும் பல இணைய மரங்களுக்கு மூலம். பிழைகள் நிறைய. துப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக அல்ல.

பணம் கட்டுவதிலும் வரிசை இருக்கிறது. இன்றிலிருந்து பின்னோக்கி 1849 வரையான தலைமுறைக் கண்ணிகளை ஃபேமிலிசர்ச்சிலும் துரூவாங் படங்களிலும் முடித்து, தம்பதிகளின் பெயர்ப்பட்டியல் கையில் வந்தபிறகே பி.ஆர்.டி.ஹெச்.சில் பக்கம் பார்ப்பதற்கான மிகச் சிறிய கணக்கை வாங்குங்கள். நேர் வம்சத்துக்கு மட்டும் என்றால் அதுவே போதும்.