மர எழுத்தா, வண்ணக் கல்லச்சா?

விக்டோரியா ராணி காலத்து (19-ஆம் நூற்றாண்டு) சுவரொட்டிகளை எல்லாம் ஒரே பாணி என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் அவற்றில் மர எழுத்து, கல்லச்சு என்று இரண்டு அச்சுத் தொழில்நுட்பங்கள் நேருக்கு நேர் மோதின.

முதலில் மர எழுத்து. ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் கனம் அதிகம், செலவும் அதிகம். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரம் வைத்து மரத்தில் எழுத்து வெட்டத் தொடங்கியதும் சர்க்கஸ், நாடகம், ஏலம் என்று எல்லா அறிவிப்பும் ராட்சத எழுத்துக்கு மாறியது. வரி தாளின் அகலத்தை நிரப்ப வேண்டும் என்பதால் கம்போசிட்டர் (அச்சு எழுத்தைக் கோர்ப்பவர்) ஒரு வரிக்குக் கொழுத்த எழுத்து, அடுத்ததற்கு ஒல்லி எழுத்து என்று கலந்து கோர்த்தார். இன்று நாம் ‘பழைய பாணி’ என்று ரசிக்கும் அந்தக் கலவை பெரும்பாலும் அப்படி வந்ததுதான். குறை என்னவென்றால், எல்லாம் இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டப்படுவதால் எழுத்தை வளைப்பது பெரும்பாடு.

கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் அந்தக் கட்டு கிடையாது. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாது என்பதே அதன் அடிப்படை: பசையால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும், நனைந்த மற்ற இடத்தில் பிடிக்காது. சுண்ணாம்புக் கல்லில் ஓவியர் நேராக வரைவதால் எழுத்து வளையும், கொடியோடு பின்னும். 1837-இல் பிரான்சில் எங்கல்மான் வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பாஸ்டனில் லூயி பிராங் அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் இதன் உச்சம். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், கொஞ்சம் விலகினாலும் படம் கெட்டுவிடும்.

சரி, எது மேல்? வாழ்த்து அட்டைக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் கல்லச்சு. தெருச் சுவருக்கு நான் மர எழுத்தைத்தான் சொல்வேன்: வேகமாகக் கோர்க்கலாம், பிரித்து அடுத்த வேலைக்கும் எடுக்கலாம், தூரத்திலிருந்தே படிக்க முடியும்.